ஸ்டோன்ஹெஞ்ச் சுரங்கச் சாலை: ஆறு மாத விசாரணை, ஆறு ஆண்டு இழுபறி

லண்டனிலிருந்து தென்மேற்கு இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் ஏ303 நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். நான்குவழியாக வரும் அந்தச் சாலை வில்ட்ஷயரில் ஏம்ஸ்பரி ஊரைத் தாண்டியதும் இருவழியாகக் குறுகிவிடும். அங்கேதான் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் இருக்கிறது. கல்வட்டத்துக்கும் சாலைக்கும் இடையே 200 மீட்டர்கூடக் கிடையாது. கோடை விடுமுறையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நெரிசலுக்குப் பயந்து குறுக்குவழி தேடுகிறவர்கள் சுற்றியுள்ள கிராமங்களுக்குள் புகுந்துவிடுவார்கள். சற்று மேற்கே வின்டர்போர்ன் ஸ்டோக் என்ற சிற்றூரை நெடுஞ்சாலை நடுவே பிளந்துகொண்டு போகிறது. இந்த இடத்தில் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளாக எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

முதல் முயற்சி 2004இல் பொது விசாரணை வரை வந்தது. 2.1 கிலோமீட்டர் சுரங்கம் என்பது அப்போதைய திட்டம். செலவு ஏறிக்கொண்டே போனதால் 2007 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். 2014 டிசம்பரில் அரசு மறுபடியும் சுரங்கச் சாலையை அறிவித்தது. இந்த முறை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் புதிய சாலை, அதில் 3.3 கிலோமீட்டர் சுரங்கம். 2018 அக்டோபரில் ஒப்புதலுக்கு விண்ணப்பித்தார்கள். 2020 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஜூலையில் மீண்டும் ஒப்புதல். 2024 பிப்ரவரியில் அடுத்த வழக்கு தள்ளுபடி. 2024 ஜூலை 29 அன்று புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பணமில்லை என்று திட்டத்தையே நிறுத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புதல் சட்டப்படி செல்லும் என்று உறுதி செய்தது. அப்போது அந்த ஒப்புதலைக் கொண்டு கட்டுவதற்குத் திட்டம் எதுவும் இல்லை. அதுவரை செலவானது ஏறத்தாழ 18 கோடி பவுண்டு. சுரங்கம் ஒரு மீட்டர்கூடத் தோண்டப்படவில்லை.

பெரிய திட்டங்களை விரைவாக முடிவு செய்வதற்கென்றே உலகம் கவனிக்கும்படி ஒரு தனிச் சட்டத்தை 2008இல் இயற்றிய நாடு இது. ஸ்டோன்ஹெஞ்ச் திட்டம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தது. பிறகு ஏன் இப்படி ஆனது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே கேள்விக்கு விடை சொல்வதாகத்தான் பிரிட்டன் 2025இல் இன்னொரு சீர்திருத்தச் சட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது.

ஹீத்ரோ தந்த பாடம்

2008 சட்டத்துக்கு வித்திட்டது ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம். 1993 பிப்ரவரியில் விண்ணப்பம் போனது. பொது விசாரணை 1995 மே மாதம் தொடங்கி 1999 மார்ச்சில் முடிந்தது. விசாரணை அமர்ந்த நாட்கள் மட்டும் 500க்கும் மேல். ஏழு வெவ்வேறு சட்டங்களின் கீழ் 37 விண்ணப்பங்கள் போட வேண்டியிருந்தது. 2001 நவம்பரில்தான் அமைச்சர் ஒப்புதல் தந்தார். முனையம் திறந்தது 2008 மார்ச்சில்.

இவ்வளவு நாள் எதற்கு ஆனது? ஒரு காரணம், நாட்டுக்கு மேலும் விமானப் போக்குவரத்து வேண்டுமா என்ற கொள்கைக் கேள்வியும், இந்த ஊரின் இந்த வயலில் இந்தக் கட்டடம் வரலாமா என்ற இடக் கேள்வியும் ஒரே அறையில் ஒரே ஆய்வாளர் முன்னால் வாதிடப்பட்டன. கொள்கையை வகுக்க வேண்டியவர்கள் அதைச் செய்யாமல் விட்டதால் அந்தச் சுமை விசாரணையின் தலையில் விழுந்தது. 1983 முதல் 1985 வரை நடந்த சைஸ்வெல் பி அணுமின் நிலைய விசாரணையும் 340 நாட்கள் நீண்டது. அங்கேயும் கதை இதுதான்.

2006இல் கேட் பார்க்கரும் ராட் எடிங்டனும் தனித்தனியே அரசுக்குத் தந்த அறிக்கைகள் இந்தச் சிக்கலைச் சுட்டின. 2008 நவம்பரில் நிறைவேறிய திட்டமிடல் சட்டம் கொள்கைக் கேள்வியையும் இடக் கேள்வியையும் பிரித்தது. நாட்டுக்கு என்ன தேவை என்பதை அரசு தேசியக் கொள்கை அறிக்கைகளாக வெளியிடும். நாடாளுமன்றம் அவற்றை அலசும். அதன் பிறகு வரும் தனித் திட்டங்களில், இடமும் வடிவமும் பாதிப்பும் மட்டுமே விசாரிக்கப்படும். நிலம் கையகப்படுத்துவது உட்படப் பெரும்பாலான அனுமதிகள் ஒரே ஆணைக்குள் அடங்கும். விண்ணப்பத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய 28 நாட்கள், விசாரணைக்கு அதிகபட்சம் ஆறு மாதம், பரிந்துரைக்கு மூன்று மாதம், முடிவுக்கு மூன்று மாதம் எனக் காலக்கெடு விதித்தார்கள். முடிவை எதிர்த்து வழக்குப் போட ஆறு வாரம்.

முடிவெடுக்கும் அதிகாரம் முதலில் ஒரு தனி ஆணையத்திடம் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுக்காதவர்கள் இவ்வளவு பெரிய முடிவை எடுக்கலாமா என்ற எதிர்ப்பு வந்தது. 2012 ஏப்ரலில் அந்த ஆணையத்தைக் கலைத்தார்கள். விசாரணை திட்டமிடல் ஆய்வாளர்களிடமும், இறுதி முடிவு அமைச்சரிடமும் போயின. ஜனநாயகத்தில் இது நியாயமான மாற்றம்தான். ஆனால் அமைச்சர் கையெழுத்திடும் ஒவ்வொரு முடிவும் சட்டப்படி நிற்கும் அளவுக்குக் காரணங்களோடு இருக்க வேண்டும் என்ற பொறுப்பும் அன்றே அவருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பொறுப்பைத் துறைகள் போதுமான அளவு உணரவில்லை என்பது என் கருத்து.

தொடக்க ஆண்டுகளில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. ஹின்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத்துக்கு 2011 அக்டோபரில் விண்ணப்பம் போய், 2013 மார்ச்சில் ஒப்புதல் வந்துவிட்டது. சைஸ்வெல் பி அமர்ந்த நாட்களோடு ஒப்பிட்டால் இது பெரிய சாதனை.

ஏ303 விசாரணையில் நடந்தது

ஸ்டோன்ஹெஞ்ச் 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கல்வட்டம் மட்டுமன்று, அதைச் சுற்றியுள்ள புதைமேடுகள், பழைய ஊர்வலப் பாதை, மண்ணுக்குள் இருக்கும் தடயங்கள் எல்லாம் சேர்ந்த நிலப்பரப்புக்கே அந்தத் தகுதி. இதை மனத்தில் வைத்தால்தான் சண்டை எதைப் பற்றி என்று புரியும். கற்களுக்கு அருகே ஓடும் சாலையை மண்ணுக்குள் அனுப்புவதை ஏறக்குறைய எல்லோரும் வரவேற்றார்கள். தகராறு சுரங்கத்தின் நீளத்தில் வந்தது. 3.3 கிலோமீட்டர் சுரங்கம் பாரம்பரியப் பரப்பின் முழு அகலத்தையும் கடந்து வெளியே போவதில்லை. மேற்குப் பக்கத்தில் பரப்புக்கு உள்ளேயே மேலே வந்துவிடும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம், நான்குவழிச் சாலை திறந்த பள்ளமாக வெட்டப்பட்ட மண்ணுக்குள் ஓடும்.

யுனெஸ்கோவின் பாரம்பரியக் குழு இதை மாற்றும்படி திரும்பத் திரும்பக் கேட்டது. மேற்குப் பள்ளத்தை மேலும் 800 மீட்டருக்கு மூடிவிடலாம் என்பது ஒரு யோசனை. சுரங்கத்தையே நீட்டி, வாயிலைப் பரப்புக்கு வெளியே கொண்டுபோகலாம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கூடுதல் செலவாகும். கூடுதல் பணத்துக்குத் தக்க கூடுதல் பலன் இல்லை என்று நெடுஞ்சாலை நிறுவனம் தொடக்கத்திலேயே அவற்றை ஒதுக்கிவிட்டது.

ஐந்து ஆய்வாளர் கொண்ட குழு 2019 ஏப்ரல் 2 அன்று விசாரணையைத் தொடங்கி அக்டோபர் 2 அன்று முடித்தது. சட்டம் சொன்ன ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. 2020 ஜனவரி தொடக்கத்தில் அறிக்கையும் அமைச்சர் கைக்குப் போய்விட்டது. திட்டத்தால் பாரம்பரியப் பரப்புக்கு நிரந்தரமான, மீட்க முடியாத பெரும் சேதம் விளையும், எனவே ஒப்புதல் தரக் கூடாது என்பது குழுவின் பரிந்துரை.

போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் அதை ஏற்கவில்லை. சேதம் இருக்கிறது, ஆனால் அது ஆய்வாளர்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை என்று, பாரம்பரியச் சின்னங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை தரும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு எடுத்த நிலைப்பாட்டை ஒட்டி, 2020 நவம்பர் 12 அன்று ஒப்புதல் தந்தார். ஆய்வாளர்களோடு மாறுபட அமைச்சருக்குச் சட்டத்தில் முழு உரிமை உண்டு. நீதிமன்றமும் அந்த உரிமையைக் கேள்வி கேட்கவில்லை.

பிறகு எங்கே வழுக்கியது? திட்டத்தை எதிர்த்து ஒன்றுசேர்ந்தவர்கள் ஒரு நிறுவனமாகப் பதிந்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூலை 30 அன்று நீதிபதி ஹோல்கேட் தந்த தீர்ப்பு இரண்டு குறைகளை முன்வைத்து ஒப்புதலை ரத்து செய்தது. பாதிக்கப்படும் தொல்லியல் சின்னங்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும் என்ற மதிப்பீட்டின் சாரத்தை அதிகாரிகள் அமைச்சர் முன் வைத்த குறிப்பு முழுமையாகச் சொல்லவில்லை. தெரியாததை எடைபோட்டு ஒருவர் முடிவு சொல்ல முடியாது. இரண்டாவது, பள்ளத்தை மூடுவது, சுரங்கத்தை நீட்டுவது என்ற மாற்றுவழிகளின் நிறைகுறையை அமைச்சர் ஒப்பிட்டே பார்க்கவில்லை. சேதம் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்ட, உலகம் பாதுகாக்கும் ஓர் இடத்தில், சேதத்தைக் குறைக்கும் வழி இருந்தும் அதைப் பரிசீலிக்காமல் விட்டது சட்டப் பிழை என்றார் நீதிபதி.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும் யாருக்கும் ஒன்று விளங்கும். சில பக்கங்கள் கூடுதலாக எழுதியிருந்தால், மாற்றுவழிகளை ஒப்பிட்டு அவை ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லியிருந்தால், அதே ஒப்புதல் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. 2023 ஜூலை 14 அன்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் மார்க் ஹார்ப்பர் அதே திட்டத்துக்குத் தந்த இரண்டாவது ஒப்புதலில் இந்தக் காரணங்கள் இருந்தன. அது நீதிமன்றத்தில் இரண்டு முறை நின்றது. அதாவது சட்டம் திட்டத்தைத் தடுக்கவில்லை, அரைகுறையாக எழுதிய முடிவைத்தான் தடுத்தது.

மாதங்களை எண்ணிப் பார்த்தால்

விசாரணையும் அறிக்கையும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒன்பது மாதம். அறிக்கை கைக்கு வந்த பிறகு அமைச்சர் எடுத்துக்கொண்டது பத்து மாதத்துக்கும் மேல். சட்டம் அவருக்குத் தந்தது மூன்று. (கொரோனா காலம் அது. ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே டரிங்டன் வால்ஸ் என்ற தொல்லியல் இடத்தின் பக்கத்தில் பெரும் குழிகளின் வளையம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியும் 2020 ஜூனில் வந்தது. தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.) முதல் வழக்கு எட்டரை மாதம். ரத்தான பிறகு அதே கேள்விக்கு மறுபடி விடை எழுத அரசு எடுத்துக்கொண்டது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. புதிதாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை, எழுத்து மூலம் மட்டுமே கருத்துகள் வாங்கப்பட்டன. அப்படியும் இரண்டு ஆண்டு. இரண்டாவது வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஏழு மாதம், மேல்முறையீட்டில் எட்டு மாதம்.

கூட்டிப் பாருங்கள். கோப்பு அமைச்சர் மேசையில் கிடந்தது ஏறத்தாழ 34 மாதம். நீதிமன்றங்களில் ஏறத்தாழ 24 மாதம். அதிலும் முதல் எட்டரை மாதம் அரசின் பிழையால் வந்தது, கடைசி இரண்டரை மாதம் திட்டம் கைவிடப்பட்ட பிறகு ஓடியது. ஊர்மக்களும் தொல்லியல் அறிஞர்களும் நெடுஞ்சாலைப் பொறியாளர்களும் ஆய்வாளர்கள் முன் வாதிட்ட கட்டத்துக்கு ஆனது வெறும் ஆறு மாதம். மக்கள் வாயைத் திறப்பதால்தான் எல்லாம் தாமதமாகிறது என்று லண்டனில் மட்டுமன்று, எல்லாத் தலைநகரங்களிலும் சொல்கிறார்கள். இந்த வழக்கின் கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாது. கென்ட்டில் உள்ள மேன்ஸ்டன் விமான நிலையத்துக்கு ஆய்வாளர்கள் மறுப்புப் பரிந்துரைத்தும் 2020 ஜூலையில் ஒப்புதல் தந்தார்கள். வழக்கு வந்தபோது, காரணங்களைப் போதுமான அளவு சொல்லவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. 2021இல் ஒப்புதல் ரத்தாகி 2022 ஆகஸ்டில் மறுபடி தரப்பட்டது. நார்ஃபோக் வான்கார்ட் கடல் காற்றாலைத் திட்டம் இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அது அவசரமாகத் தேவைப்படும் தூய மின்சாரம். அதன் துணைமின் நிலையமும் பக்கத்துத் திட்டமான போரியஸின் துணைமின் நிலையமும் நெக்டன் என்ற ஒரே ஊரில் வர இருந்தன. இரண்டும் சேர்ந்து அந்த ஊரின் தோற்றத்தை என்ன செய்யும் என்ற தகவல் கையில் இருந்தும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் தள்ளிவைத்தார். ஊர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் ஒப்புதல் ரத்து. ஓர் ஆண்டு கழித்து மறுபடி தந்தார்கள். மூன்று திட்டங்களும் ஒரே இடத்தில்தான் தடுக்கின, கடைசிக் கையெழுத்தில்.

2025 சட்டம் எதைத் திருத்துகிறது

அரசுக்கு ஆலோசனை சொல்லிவந்த தேசியக் கட்டமைப்பு ஆணையம் 2023 ஏப்ரலில் தந்த அறிக்கை நிலைமையை எண்களில் வைத்தது. ஒப்புதலுக்கு ஆகும் சராசரிக் காலம் 2012இல் 2.6 ஆண்டு. 2021இல் 4.2 ஆண்டு. நீண்டகாலமாகப் பத்தில் ஒரு முடிவுதான் வழக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 58 சதவீதமாகிவிட்டது. ஆணையம் முக்கியக் காரணமாகச் சொன்னது, கொள்கை அறிக்கைகள் பழசாகிப்போனதை. 2011இல் எழுதிய எரிசக்திக் கொள்கை அறிக்கைகளை 2024 வரை புதுப்பிக்கவில்லை. இடையில் 2019இல் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 2050க்குள் நிகர பூஜ்யமாக்கும் இலக்கைச் சட்டமாக்கியிருந்தார்கள். கொள்கை ஒரு காலத்திலும் சட்டம் வேறு காலத்திலும் நின்றால், இடையில் உள்ள பள்ளத்தில் ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே விழும். ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தில் இருந்த அதே நோய், வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

2025 டிசம்பரில் அரச ஒப்புதல் பெற்ற திட்டமிடல் மற்றும் கட்டமைப்புச் சட்டம், கொள்கை அறிக்கைகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கச் சொல்கிறது. இந்தச் சட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். செய்திகளில் அதிகம் அடிபடாத பகுதியும் இதுவே.

அதிகம் பேசப்பட்டவை வேறு இரண்டு. வழக்குரைஞர் சார்ல்ஸ் பேனர் 2024இல் தந்த அறிக்கையை ஒட்டி, வழக்குக்கு அனுமதி கேட்கும் வாய்ப்புகளைக் குறைத்தார்கள். முன்பு எழுத்து மூலம் ஒரு முறை, நேரில் ஒரு முறை, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு முறை என மூன்று வாய்ப்பு. இப்போது எழுத்துக் கட்டம் கிடையாது. வழக்கில் சாரமே இல்லை என்று நேரடி விசாரணையில் நீதிபதி சொல்லிவிட்டால் மேல்முறையீடும் கிடையாது. இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஈஸ்ட் ஆங்கிலியா கடல் காற்றாலைகளுக்கு எதிரான வழக்குகள் தோற்றபோதும் திட்டங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு பின்தங்கின. சாரமில்லாத வழக்கு விரைவில் முடிவது எல்லோருக்கும் நல்லது. ஆனால் இந்த விதி 2021ஆம் ஆண்டின் ஸ்டோன்ஹெஞ்ச் வழக்கை ஒரு நாள்கூடக் குறுக்கியிருக்காது. அந்த வழக்கில் சாரம் இருந்தது. அது வென்றது.

இரண்டாவது, விண்ணப்பத்துக்கு முன் மக்களிடமும் உள்ளாட்சிகளிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை நீக்கியது. இந்தக் கட்டம் சராசரியாக 27 மாதம் வரை நீண்டுவிட்டது, நீக்கினால் ஓர் ஆண்டு வரை மிச்சமாகும் என்பது அரசின் கணக்கு. நோயை அரசு சரியாகத்தான் பார்த்தது. ஏதாவது ஒரு சம்பிரதாயம் விடுபட்டு விண்ணப்பம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் நிறுவனங்கள் சின்ன மாற்றத்துக்கும் புதிதாகக் கருத்துக் கேட்டன, கோப்புகளைக் குவித்தன. தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வரவிருக்கும் லோயர் தேம்ஸ் கிராசிங் சாலைக்கான விண்ணப்ப ஆவணங்கள் மூன்றரை லட்சம் பக்கத்தைத் தாண்டின. அந்தத் திட்டமிடல் வேலைக்கு மட்டும் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு. மூன்றரை லட்சம் பக்கத்தை எந்தக் கிராமத்தார் படிப்பார்? அமைச்சர் படிப்பாரா? ஸ்டோன்ஹெஞ்சில் அமைச்சருக்குப் போன சுருக்கக் குறிப்பில் முக்கியமானது விடுபட்டதற்கும் இந்தக் காகித மலைக்கும் தொடர்பு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மருந்து சரியில்லை. காகிதத்தைக் குறைப்பது வேறு, பேச்சைக் குறைப்பது வேறு. சுரங்கத்தின் நீளம் போன்ற கேள்வி, வரைபடம் இறுகுவதற்கு முன்னால் மட்டுமே உருப்படியாகப் பேசக்கூடியது. விண்ணப்பம் போன பிறகு வரும் ஆறு மாத விசாரணையில் 800 மீட்டர் கூரை சேர்க்கச் சொன்னால் யாரும் சேர்க்கப் போவதில்லை. ஏனென்றால் பாதிப்பு மதிப்பீடு, நிலப் பட்டியல், செலவுக் கணக்கு எல்லாம் பழைய வடிவத்துக்குப் போட்டவை. தொடக்கத்தில் பேச இடமில்லாத வாதம் கரைந்துபோவதில்லை. நேராக நீதிமன்றத்துக்கு வருகிறது. கருத்துக்கேட்பை விருப்பத்துக்கு விட்ட அரசு, மாற்றுவழிகள் என்னென்ன, ஒவ்வொன்றும் எவ்வளவு செலவு, எவ்வளவு சேதம் என்பதை மட்டுமாவது தொடக்கத்திலேயே சில பக்கங்களில் பொதுவில் வைக்கும்படி கட்டாயப்படுத்தியிருக்கலாம். அதைச் செய்யவில்லை.

அமைச்சர் மேசையைப் பற்றியும் சட்டம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மூன்று மாதக் கெடுவை அறிவிப்பு ஒன்றால் தள்ளிப்போடும் வசதி அப்படியே இருக்கிறது. லோயர் தேம்ஸ் கிராசிங் முடிவும் பலமுறை தள்ளிப்போய் 2025 மார்ச் 25 அன்றுதான் வந்தது.

இந்தப் புதிய ஏற்பாட்டுக்குக் கடுமையான சோதனை மறுபடியும் ஹீத்ரோவில்தான். ஐந்தாம் முனையத்துக்கு ஒப்புதல் தந்தபோது ஆண்டுக்கு 4,80,000 விமானப் போக்குவரத்து என்று வரம்பு விதித்தார்கள். மூன்றாவது ஓடுபாதை வந்தால் அந்த வரம்பு போய்விடும். அதற்கு வழிவிட்ட 2018ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கை, பருவநிலை மாற்றம் குறித்த பாரிஸ் ஒப்பந்தத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்து, டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. 2025இல் அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்தது. இரண்டு யோசனைகள் முன்னால் இருந்தன. ஒன்று, விமான நிலைய நிறுவனத்தின் 3,500 மீட்டர் ஓடுபாதை; இதற்கு லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை இடம் மாற்ற வேண்டும். மற்றது, ஹீத்ரோ பகுதியில் நிலமும் ஹோட்டல்களும் வைத்திருக்கும் அரோரா குழுமம் சொன்ன 2,800 மீட்டர் ஓடுபாதை. நெடுஞ்சாலையைத் தொட வேண்டாம். நவம்பரில் அரசு முதல் யோசனையை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அது சரியான தேர்வாகவே இருக்கலாம். ஆனால் குறுகிய ஓடுபாதையை ஏன் ஒதுக்கினோம் என்பதைப் புதிய கொள்கை அறிக்கை தன் பக்கங்களுக்குள்ளேயே, செலவு, இரைச்சல், காற்று மாசு, இடிபடும் வீடுகள் என்று எண்களோடு சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், அறிக்கை வெளியான ஆறு வாரத்துக்குள் வழக்கு வரும். அந்த வழக்கில் சாரமும் இருக்கும்.